ஐம்பத்தொன்பது கிலோ அதிகம்

என்னைப் பெறாமலே வளர்த்த அக்காவுக்கு, உன் தங்கை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் எப்படி இருக்கின்றன, இரண்டில் எது முன்னே ஓடுகிறது என்பதை விவரமாக எழுதவும்.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் பிரித்தேன், படித்ததும் சாமிக்கு முன்னால் பிரித்திருக்க வேண்டாமே என்று ஆகிவிட்டது. துறைமுகத்துக்கு எதிரே கப்பல் மாதிரி கட்டி வைத்திருக்கும் பாருக்குள் இவர் நுழைந்ததை பஸ் ஜன்னல் வழியாக உன் இரண்டு கண்ணாலும் பார்த்தாய் என்றும், நுழைந்தவர் தயங்கிக்கூட நிற்கவில்லை, சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போனார் என்றும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் அழைத்துக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து இவரை விசாரிக்கப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். நான் ஒருவரை நம்பினால் முழுசாக நம்புகிறவள் என்பது உனக்கே தெரியும். என் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவையை, இஸ்திரிப் பெட்டியைப் பூனை தள்ளிவிட்டதால் எரிந்துபோயிற்று என்று நீ சொன்னபோது, அழுதேனே தவிர ஒரு கேள்வி கேட்டேனா? அப்படிப்பட்டவளிடம் முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைச் சந்தேகப்படச் சொன்னால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இவரைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. துறைமுக எடைமேடையில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரியையும் வெளியே போகும் லாரியையும் எடைபோட்டு எழுதியவர். கடலை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஒரே ஒரு தடவை அக்கரைக்குப் படகில் போனோம், இவர் வாந்தி எடுத்த எடுப்பில் படகுக்காரரே பயந்து பாதியில் திருப்பிவிட்டார். வீட்டில் பேச்சு என்பதே கிடையாது. நான் எதையும் நோட்டில் எழுதி வைக்கிறவள் அல்லவா, சோப்பு எத்தனை நாள் வந்தது, விளக்கு எத்தனை நாள் ஏற்றினேன் என்பது வரைக்கும். ஓய்வு பெற்ற மாதத்தில் ஒரு நாள் இவர் பேசிய வார்த்தைகளையும் எழுதிப் பார்த்தேன். காலையிலிருந்து படுக்கப் போகும்வரை பதினொன்று. அதில் நாலு வெறும் ‘ம்’. பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நாலு மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்கு வர ஆரம்பித்தார். தாடி வளர்த்தார். என்ன தாடி என்று கேட்டதற்கு ‘வேண்டுதல்’ என்றார். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று நானும் தோண்டவில்லை. ஆனால் வீட்டுக்காரர் கடவுளுக்காக ஒன்றைச் சுமக்கும்போது நான் மட்டும் சொகுசாக இருக்கலாமா? அன்றைக்கே காப்பியை விட்டேன். நாலு மாதம், அக்கா! தலைவலியோடு நாலு மாதம்! சில நாள் முடியாமல் போனால் காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். மோந்து பார்த்ததற்கும் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவேன்.

சரி, நீ வந்து விசாரிப்பதற்குள் நானே நேரில் பார்த்துவிடுவது என்று சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையைச் சுற்றி ஒரு சால்வை. தனியாகப் போகப் பயமாக இருந்ததால் பக்கத்து வீட்டுத் தையல்காரியைத் துணைக்குக் கூப்பிட்டேன். கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் அவள் தலை சீவி, செருப்புப் போட்டுத் தயாராக நின்றாள். “அங்க சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துட முடியாதுக்கா. உக்காந்து எதாச்சும் வாங்கிச் சாப்பிடணும். இல்லன்னா சந்தேகப்படுவாங்க” என்றாள். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “எல்லாம் கேள்விப்பட்டதுதான்” என்றாள். உள்ளே போனதும் பரிமாறும் பெண் இவளைப் பார்த்து, “என்னக்கா, வழக்கமான இடந்தானே?” என்று கேட்டதை நான் காதில் வாங்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே ஒன்று நடந்தது. அந்த இடம் ஒரு காலத்தில் வலை போட்டு வைக்கும் கிடங்கு. இப்போது வாசலில் கப்பலுக்கு ஏறுவதுபோல் ஒரு மரப்பலகை. பலகைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் தங்கப் பொத்தானும் புருவம் வரைக்கும் இறங்கிய தொப்பியுமாக ஒரு கேப்டன். நான் பலகையில் கால் வைத்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பலகை எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்த்தார். “ஐம்பத்தொன்பது கிலோ. ஏறலாம்!” என்று ஒரு குரல் கொடுத்தார் பார், உள்ளே இருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். தையல்காரிக்கு, “எழுபத்திரண்டு. ஏறலாம், ஆனா பலகை நடுவுல நின்னு பேசிட்டிருக்கக் கூடாது” என்றார். போன மாதம் மருந்துக் கடை மெஷினில் ஏறி நின்றபோது எனக்கு என்ன எடை வந்தது என்று நோட்டில் இருக்கிறது. ஐம்பத்தொன்பது. அரைக் கிலோ கூட முன்னே பின்னே இல்லை. இவர் மாதிரி வண்டியின் டயரைப் பார்த்தே எடை சொல்லும் ஆள் இந்த ஊரில் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? இருந்தாலும் குரல் குழப்பியது. இவ்வளவு பெரிய குரல் இவருக்கு இருப்பது எனக்குத் தெரியாது, அக்கா, நான் கேட்டதே இல்லை. தையல்காரிதான் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தாள். “ஐயோ, அந்தக் கோட்டு நான் தச்சதுக்கா! வயிறு நாப்பத்திரண்டுன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க.” நாற்பத்திரண்டு யாருடைய வயிறு என்று எனக்குத் தெரியாதா? உட்கார வேண்டும்போல் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே மேசைக்குப் பதில் பீப்பாய்கள். தரையை வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், சூப் குவளையில் ஒரு பக்கமாகவே நிற்கிறது. சுவரெல்லாம் வட்ட ஜன்னல், கூரையெல்லாம் கயிறு, நடுவில் ஒரு கொடிமரம், அதில் பித்தளை மணி. சாப்பாட்டுப் பட்டியலை வரைபடம் மாதிரி சுருட்டிக் கொடுக்கிறார்கள், விரித்துப் பிடித்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை, எனக்கு அது வசதியாகப் போயிற்று. மது வாசனை இல்லையா என்று கேட்பாய். இருந்தது. பொய் சொல்லமாட்டேன். அதைவிட அதிகமாக மீன் வறுக்கும் வாசனையும் எலுமிச்சை வாசனையும் இருந்தன. நான் தொடமாட்டேன் என்று சொல்லச் சொல்லவே தையல்காரி சூப், வறுத்த மீன், உருளைக்கிழங்கு, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். ஏதாவது குறை கண்டுபிடித்துத் திட்டலாம் என்று ஒரு வாய் வைத்தேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, உப்பு அளந்து போட்டதுபோல். அதில்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. சாப்பாட்டை வீணாக்குவது பாவம் என்பதால் ஒரு துண்டைச் சாப்பிட்டேன். இரண்டாவது துண்டையும் அதே காரணத்துக்காகத்தான் சாப்பிட்டேன். மாவில் என்ன சேர்த்திருப்பார்கள் என்று யோசித்து, வழக்கம்போல் இடுப்பிலிருந்த சின்ன நோட்டை எடுத்துக் குறித்தும் கொண்டேன்.

இவர் கையில் கண்ணாடிக் குவளையில் ஏதோ கறுப்பாக இருந்தது. பரிமாறும் பெண்ணை மெதுவாகக் கூப்பிட்டு, “உங்க கேப்டன் நல்லாக் குடிப்பாரோ?” என்று கேட்டேன். “அவரா? பாலில்லாத டீ. சர்க்கரை கூட போடக் கூடாதாம், டாக்டர் திட்டுவாராம்” என்றாள். “எப்பவுமா?” என்றேன். “எப்பவுமேதாம்மா. முப்பது வருஷம் கடல்லயே இருந்தவரு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இவரு வர்றதுக்கு முன்னாடி இங்க ஈ ஓட்டிட்டிருந்தோம். இப்ப பாருங்க, உக்கார இடமில்ல. இவரு போயிட்டா நாங்க கடைய சாத்த வேண்டியதுதான்.” அதாவது, அக்கா, எடைமேடைக் கதை அங்கே ஒருவருக்கும் தெரியாது. நிஜமான கேப்டன் என்றே எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தரை மணிக்கு விளக்கைக் கொஞ்சம் குறைத்தார்கள். இவர் கொடிமரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று பேச ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம்! மூச்சு விடாமல்! எண்ணிப் பார்க்கலாம் என்று பென்சிலை எடுத்தேன், முந்நூறுக்கு மேல் என்னால் முடியவில்லை, காதில் சொருகிக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டேன். “பட்டப்பகல்ல இருட்டு. அலை ஒவ்வொண்ணும் மூணு மாடி. கப்பல் இறங்குது. எல்லாரும் கத்துறாங்க, நான் கத்தல, கணக்குப் போட்டேன். சரக்கு இவ்வளவு, ஆளு இவ்வளவு, உள்ள வந்த தண்ணி இவ்வளவு. கப்பல் தாங்குறதுக்கு மேல சரியா ஐம்பத்தொன்பது கிலோ அதிகம். கீழ் அறையில என் பெண்டாட்டி உக்காந்து, பிஸ்கட்டு எத்தனை மிச்சம்னு நோட்டுல எழுதிட்டிருக்கா. நான் சொன்னது அவ காதுல விழுந்துடுச்சு. பென்சிலக் காதுல சொருகினா. நோட்ட என் கையில குடுத்தா. ‘பதினாறு இருக்கு, ஆளுக்கு ஒண்ணு, சண்டை போடாமத் தின்னுங்க’ன்னா. சாமியக் கும்பிட்டா. குதிச்சுட்டா.” இங்கே இவர் தொப்பியைக் கழற்றினார். “கப்பல் நிமிர்ந்துடுச்சு” என்றார்.

மீன்பிடிக்கிறவர்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், மலை மாதிரி ஆட்கள், எல்லாரும் கண்ணைத் துடைக்கிறார்கள். நானும் அழுதேன். யாரோ பாவம், எவ்வளவு நல்ல பொம்பளை, சாகும்போதும் பிஸ்கட்டைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று முந்தானையால் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, சால்வையைச் சரிசெய்யக் கையை மேலே கொண்டுபோனேன். காதில் இருந்த பென்சில் தட்டுப்பட்டது.

நான் சுமங்கலியாக உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருக்கிறேன், இந்த மனுஷன் என்னைக் கொன்றிருக்கிறார், அக்கா! வாரத்தில் ஏழு நாளும், சாயங்காலம் ஐந்தரைக்கு! தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “போன வாரத்த விட இன்னைக்கு நீங்க செத்தது நல்லா இருந்துச்சுக்கா” என்றாள். எனக்கு வந்ததே கோபம். எழுந்தேன். நேராக இவரிடம் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். ஆனால் போகிற வழியில் கொடிமரம் இருந்தது. கோபமும் பயமும் சேர்ந்து வந்தால் என் கை தானாக மணியைத் தேடும் என்பது உனக்குத் தெரியும். மணி இருந்தது. அடித்தேன். மூன்று தடவை. கண்ணை மூடிக்கொண்டு, “கடவுளே, இந்த மனுஷனுக்குப் புத்தியக் குடு, அதுவரைக்கும் எனக்குப் பொறுமையக் குடு” என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் எல்லாரும் கரண்டியால் பீப்பாயைத் தட்டுகிறார்கள். “உண்மை! உண்மை!” என்று கூச்சல். அந்த இடத்தின் சொந்தக்காரி, கப்பல்காரி என்று கூப்பிடுகிறார்கள், கையில் மாவோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “அம்மா, சுவத்துல எழுதியிருக்கே, பாக்கலியா? இங்க கேப்டன் என்ன பொய் வேணா சொல்லலாம். ஆனா மணிய அடிச்சவங்க பீப்பாய் மேல ஏறி ஒரு உண்மை சொல்லணும். சொல்லாம ஒருத்தரும் இறங்கினதில்ல” என்றாள். சுவரில் எழுதியதைக் கறுப்புக் கண்ணாடி வழியாக எங்கே படிப்பது? நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் இரண்டு பேர் கை கொடுத்து ஏற்றிவிட்டார்கள். பீப்பாய் தாங்குமா என்று ஒரு நிமிஷம் பயந்தேன். ஐம்பத்தொன்பதுதானே, தாங்கும் என்று நின்றேன். சால்வை நழுவியது. கண்ணாடியையும் கழற்றிவிட்டேன்.

இவர் என்னைப் பார்த்தார்.

என்னிடம் உண்மைகளுக்கா பஞ்சம்? இவர் கப்பலே ஏறியதில்லை என்பது ஒன்று. எடைமேடை ஒன்று. தாடி ஒன்று, படகில் வாந்தி எடுத்தது ஒன்று. எதை எடுத்து விட்டாலும் அந்த வெள்ளைக் கோட்டு அங்கேயே கழன்றுவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது இவர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய அன்று, காலிச் சாப்பாட்டுத் தூக்கை இதே மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார், உள்ளே வர வேண்டும் என்பதே மறந்துபோனவர் மாதிரி. எனக்குப் பொய் சொல்ல வராது. அதுவும் மணி அடித்துக் கும்பிட்ட பிறகு வரவே வராது. கடவுளே நீயே வழி சொல் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

“அந்தப் பொம்பள சாகல. அவ நான்தான்” என்றேன்.

இதில் ஒரு எழுத்துப் பொய் உண்டா, நீயே சொல்லு? கூட்டத்திலிருந்து எழுந்த சத்தத்தில் கூரைக் கயிறெல்லாம் ஆடியது. கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார். கப்பல்காரி மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொள்கிறாள். வாய் திறந்தது திறந்தாயிற்று, மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று பீப்பாய் மேல் நின்றபடியே இவரைப் பார்த்து, “ஏங்க, ஐம்பத்தொன்பது கிலோ அதிகம்னா நாந்தான் குதிக்கணுமா? அந்த நங்கூரத்தத் தூக்கிப் போட்டா ஆகாதா?” என்றேன். இவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “நங்கூரம் அரசாங்கச் சொத்து. கையெழுத்து இல்லாம வெளிய போகக் கூடாது” என்றார். முப்பத்துநாலு வருஷப் பழக்கம் வேறெங்கே போகும்! சிரித்துச் சிரித்து ஒருவர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா, அடக்கத்தான் பார்த்தேன்.

அப்புறம் எங்கள் இருவருக்கும் ஜன்னல் ஓரத்தில் ஒரு பீப்பாயைக் காலிசெய்து கொடுத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு இவர் எனக்கு மீன் எடுத்து வைக்கிறார், முள் இருக்கும் பார்த்துச் சாப்பிடு என்கிறார், சூப் என் பக்கம் சாயும்படி குவளையைத் திருப்பி வைக்கிறார். “தாடி?” என்று மட்டும் கேட்டேன். “ஒட்டுத் தாடி வேர்வையில கழண்டுடுது” என்றார். “அப்ப நான் நாலு மாசமாக் காப்பிய விட்டது?” என்றேன். இவர் கையிலிருந்த உருளைக்கிழங்கு அப்படியே நின்றுவிட்டது. “அதான் வீட்டுல வாசனையே இல்லியா? நான் பாத்தேன். கேக்கணும்னுதான் இருந்தேன்” என்றார். “கேக்க வேண்டியதுதானே?” என்றேன். “கேட்டா தாடியப் பத்திச் சொல்ல வேண்டியிருக்குமே” என்றார். எழுந்து போய்த் தானே ஒரு தகரக் குவளையில் காப்பி போட்டு எடுத்துவந்தார். சர்க்கரை அதிகம், டிகாஷன் கம்மி. அதைவிட நல்ல காப்பியை நான் குடித்ததில்லை.

ஆனால் இதையெல்லாம் படித்து நான் இளகிவிட்டேன் என்று நீ நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பலகையை மிதிக்கக் கூடாது, தாடியை மழித்துவிட வேண்டும், வேண்டுதல் என்று கடவுள் பெயரை இழுத்ததற்கு நூற்றெட்டுத் தடவை அவர் பெயரை எழுத வேண்டும். ‘ம்’ என்றார். ஆகையால் விசாரணை முடிந்தது, நீயும் அண்ணனும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை. அண்ணன் கேட்டால், இவர் நடைப்பயிற்சிக்குத்தான் போனார் என்று சொல்லிவிடு. அது பொய் இல்லை, நடந்துதான் போனார்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும் இருமலுக்கு என் வேண்டுதலையும் சொல்லவும். உன் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் வயிறார உண்டு வாயாரச் சிரிக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு,

உன் சொல்லைத் தட்டாத
தங்கை

பி.கு.: இதை எழுதி உறையில் போட்டு மூன்று நாளாகிறது. தபாலில் சேர்க்க நேரமே இல்லை, ஏனென்றால் நாலு மணிக்கு நானும் கிளம்ப வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை தாடியை மழிக்க வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது கப்பல்காரி வீட்டுக்கே வந்துவிட்டாள். கடலிலிருந்து திரும்பி வந்த அம்மா எங்கே என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். இப்போது ஐந்தரைக்கு இவர் என்னை மூழ்கடிக்கிறார், ஆறேகாலுக்கு நான் மணி அடித்துக் கும்பிட்டுவிட்டு, பீப்பாய் மேல் ஏறி, அதே உண்மையைச் சொல்லி, நங்கூரத்தைப் பற்றிக் கேட்கிறேன். வெந்நீரில் காப்பி போட்டுவிட்டேன். நூற்றெட்டில் இவர் அறுபத்துநாலு எழுதியிருக்கிறார், மிச்சத்தைக் கதைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறார். நேற்று வீட்டில் மட்டும் இருநூற்றுப் பதினாலு வார்த்தை பேசினார், காது வலிக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ அண்ணனைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் வர வேண்டும், வீட்டுக்கு வராதே, பூட்டியிருக்கும், நேரே கப்பலுக்கு வந்துவிடு, வட்ட ஜன்னல் பக்கம் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். பலகையில் உன் எடையைச் சத்தமாகச் சொல்வார், கோபித்துக்கொள்ளாதே. சூப்பைத் தவறவிடாதே. மணியை மட்டும் தொட்டுவிடாதே, அக்கா. தொட்டால் பீப்பாய் மேல் ஏறி ஒரு உண்மை சொல்லியாக வேண்டும். நேற்று மணி அடித்துக் கண்ணை மூடியபோதுதான் எனக்கே திடீரென்று ஞாபகம் வந்தது: என் கல்யாணத்தின்போது நம் வீட்டில் பூனையே கிடையாது.